யார் மேல் பழி?

1771ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் லண்டனில் ஒரு விருந்து நடந்தது. ராயல் அகாடமி என்னும் சித்திரக்காரர்கள் சங்கம் அளித்த விருந்து. டாக்டர் ஜான்ஸன் வந்திருந்தார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் வந்திருந்தார். ஹொரேஸ் வால்போல் என்ற சீமானும் வந்திருந்தார். பேச்சு ருசியாக நடந்துகொண்டிருந்தபோது கோல்ட்ஸ்மித் ஒரு சமாசாரத்தை எடுத்தார். பிரிஸ்டல் நகரத்து மாதாகோயில் ஒன்றிலிருந்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய கவிதைப் புதையல் கிடைத்திருக்கிறதாம், ஆச்சரியத்திலும் ஆச்சரியமாம்! இப்படி அவர் சொல்லச் சொல்ல, எதையும் எளிதில் நம்பிவிடும் அவருடைய சுபாவத்தை அறிந்த ஜான்ஸன் சிரித்துக்கொண்டிருந்தார்.

வால்போலும் சிரித்தார். அவருக்கு இது பழைய செய்தி. தாம் மனம் வைத்திருந்தால் அந்தப் புதையலை உலகத்துக்கு முதலில் காட்டிய பெருமை தமக்கே வந்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னார். பிறகு, அந்தக் கவிதைகளை அனுப்பிய சாட்டர்ட்டன் என்ற பையன் இப்போது என்ன செய்கிறான் என்று விசாரித்தார்.

அவன் லண்டனுக்கு வந்து தற்கொலை செய்துகொண்டு எட்டு மாதமாகிறது என்றார்கள்.

அத்துடன் தம்முடைய உல்லாசம் போய்விட்டது என்று வால்போல் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்குப் போன உல்லாசம் பிறகு அவருக்கு நிம்மதியாகத் திரும்பி வரவே இல்லை. சாகும்வரையில், ஏன், செத்த பிறகும், 'அந்தப் பையனைக் கொன்றவர் இவர்தான்' என்று கைநீட்டிக் காட்டுகிற ஒரு கூட்டம் அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டம் சொன்னது எவ்வளவு தூரம் நியாயம் என்பதைத்தான் வாசகர்களோடு உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

தாமஸ் சாட்டர்ட்டன் 1752ஆம் வருஷம் நவம்பர் 20ஆம் தேதி பிரிஸ்டலில் பிறந்தான். தகப்பனார் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பிள்ளை பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். தாயார் துணி தைத்துக் கொடுத்தும், குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தும் மகளையும் மகனையும் வளர்த்தாள். வீட்டுக்கு எதிரே செயின்ட் மேரி ரெட்கிளிஃப் என்ற பெரிய மாதாகோயில். அந்தக் கோயிலின் வாயில் மண்டபத்துக்கு மேலே ஓர் அறை. அறையில் பழைய மரப்பெட்டிகள். பெட்டிகளில் யாருக்கும் வேண்டாத தோல் ஏடுகள். கோயில் ஊழியம் பரம்பரையாக அந்தக் குடும்பத்தில் இருந்ததால், வாத்தியார் அந்த ஏடுகளைக் கூடை கூடையாக வீட்டுக்கு அள்ளி வந்து பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார். அவர் போன பிறகு மிச்சமிருந்ததைத் தாயார் தையல் வேலைக்கு உபயோகித்தாள்.

பையன் முதலில் மந்தம் என்று பெயர் வாங்கினான். ஆறு வயசு வரையில் எழுத்து ஏறவில்லை. ஒரு நாள் பழைய சங்கீத ஏடு ஒன்றிலிருந்த வர்ண எழுத்துக்களைக் கண்டு மயங்கி, அதிலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டான். அப்புறம் அவனைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. எட்டு வயசில் தருமப் பள்ளிக்கூடம். பதினான்கு வயசு முடிந்ததும் லாம்பர்ட் என்ற வக்கீலிடம் குமாஸ்தா வேலை பழக ஒப்பந்தம். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரையில் ஆபீஸ். சாப்பாடு வேலைக்காரர்களோடு; படுக்கை எடுபிடிப் பையனோடு. அவன் எழுதி வைத்த கவிதைகள் கண்ணில் பட்டால் எஜமானர் கிழித்துப் போடுவார்.

இந்தப் பிள்ளைதான் தாமஸ் ரௌலி என்ற பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவிக் கவியைச் சிருஷ்டித்தான். அப்படி ஒரு கவி உலகத்தில் இருந்ததே இல்லை. அவருக்கு ஒரு பாஷை, ஒரு கையெழுத்து, ஒரு வள்ளல் - எல்லாவற்றையும் பழைய அகராதிகளிலிருந்தும் கல்லறை வாசகங்களிலிருந்தும் தன் மூளையிலிருந்தும் உண்டாக்கினான். வள்ளல் மட்டும் நிஜம். கானிஞ்ஜ் என்ற பிரிஸ்டல் வர்த்தகர். ஊரிலே பழம்பெருமை பேசுகிற பெரிய மனிதர்கள் சிலர் அவனிடமிருந்து அந்த 'ஏடு'களை ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள். பாரெட் என்ற வைத்தியர் பிரிஸ்டலின் சரித்திரம் எழுதிக்கொண்டிருந்தார். பையன் கொடுத்ததையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டார். ஒருவராவது, 'தம்பி, இதையெல்லாம் எழுதியது நீதானே?' என்று முதுகில் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குமாஸ்தாப் பையன் கவியாக இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

1769ஆம் வருஷம் மார்ச் மாதம் பதினாறு வயசுப் பையன் வால்போலுக்குக் கடிதம் எழுதினான். வால்போல் பழைய பிரதம மந்திரியின் குமாரர்; ஐம்பத்தொரு வயசு; இங்கிலாந்தின் சித்திரக் கலை வரலாற்றை எழுதியவர். ஆகவே ரௌலி எழுதியதாகச் சித்திரக் கலையைப் பற்றியே ஓர் 'ஏட்டை'த் தயார் செய்து அனுப்பினான். மனிதர்களைப் பிடிக்கிற வித்தை அவனுக்குத் தெரிந்திருந்தது. வால்போல் குளிர்ந்துபோய் உடனே பதில் எழுதினார். ரௌலியின் கவிதைகள் எங்கே கிடைக்கும், தாமே அவற்றை அச்சிடத் தயார் என்றெல்லாம், சமமான ஒரு கனவானுக்கு எழுதுகிற மரியாதையோடு எழுதினார்.

இங்கேதான் பையன் தவறு செய்தான். அல்லது உண்மை சொன்னான். தான் ஓர் ஏழை விதவையின் மகன், வக்கீல் குமாஸ்தா, வேறு நல்ல வேலைக்கு உதவி செய்ய முடியுமா என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிட்டான். அதற்குள் வால்போல் அந்த ஏடுகளைத் தம் நண்பர்களான தாமஸ் கிரேயிடமும் மேஸனிடமும் காட்டியிருந்தார். இரண்டும் தெரிந்தவர்கள். பார்த்ததும் போலி என்று சொல்லிவிட்டார்கள். வால்போலின் அடுத்த கடிதத்தில் புத்திமதி இருந்தது. தாயாருக்குச் செய்ய வேண்டிய கடமையை நினை, தொழிலைக் கவனி, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு கவிதையை வைத்துக்கொள் என்ற மாதிரி. பையன் காகிதங்களைத் திருப்பிக் கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். ஆகஸ்டு மாதத்தில், துணைக்கு ஒரு வரிகூட இல்லாமல், காகிதங்கள் திரும்பி வந்தன.

தான் ஏழை என்பதால்தான் வால்போல் இப்படி நடந்துகொண்டார் என்று பையன் கொதித்து ஒரு கவிதை எழுதினான். அனுப்பவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வால்போல் 1764ஆம் வருஷக் கடைசியில் 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற தம் நாவலை வெளியிட்டபோது, அது பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று பொய்ப் பெயர்கள் போட்டுத்தான் வெளியிட்டார். ஊர் அதை நம்பியது. பிறகு அவரே உண்மையை ஒப்புக்கொண்டார். எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். சீமான் செய்தால் அது சாதுரியம். குமாஸ்தா செய்தால் அதற்குப் பெயர் மோசடி.

1770ஆம் வருஷம் ஏப்ரல் 14ஆம் தேதி சாட்டர்ட்டன் ஓர் 'உயில்' எழுதி மேஜைமேல் வைத்தான். மறுநாள் தன் உயிர் இருக்காது என்பது அதன் சாரம். பாதி கேலி, பாதி சாவு. எந்தப் பாதி நிஜம் என்று இன்றுவரை யாருக்கும் நிச்சயமில்லை. வக்கீல் பயந்துபோய் ஒப்பந்தத்தை ரத்து செய்து அவனை அனுப்பிவிட்டார். வீட்டிலே இப்படி ஒரு காகிதம் கிடந்தால் நாம் என்ன செய்வோம்? வக்கீல் தம் வீட்டில் சாவு நடக்காமல் பார்த்துக்கொண்டார். சிநேகிதர்கள் வழிச்செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பத்து நாளில் பையன் லண்டனுக்குப் போய்விட்டான்.

லண்டனிலிருந்து தாயாருக்கும் தங்கை போல் அவனிடம் உயிரை வைத்திருந்த தமக்கை மேரிக்கும் அவன் எழுதிய கடிதங்களைப் படித்தால் பட்டணமே அவன் காலடியில் கிடந்ததாகத் தோன்றும். இந்தப் பத்திரிகைக்காரரைத் தெரியும், அந்தப் பிரபுவைத் தெரியும் என்று ஒரே அமர்க்களம். கூட்டத்தோடு கூட்டமாகப் பட்டணத்துக்கு வந்து அறையில் படுத்துக்கொண்டு ஊருக்கு 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்று எழுதிய எவருக்கும் இந்தக் கடிதங்களின் அர்த்தம் புரியும். உண்மையில் அவன் பேய் மாதிரி உழைத்தான். அரசியல் கட்டுரை, நையாண்டி, பாட்டு, கதை. கிடைத்த கூலி அற்பம். ஜூன் மாதம் லண்டன் மேயர் பெக்ஃபோர்டு இறந்தபோது, அவரைப் பற்றி எழுதியது அச்சாகாததால் 1 பவுன் 11 ஷில்லிங் 6 பென்ஸ் நஷ்டம். இரங்கல் பாட்டுக்களாலும் கட்டுரைகளாலும் 5 பவுன் 5 ஷில்லிங் லாபம். ஆகவே அவர் செத்ததில் தனக்கு 3 பவுன் 13 ஷில்லிங் 6 பென்ஸ் சந்தோஷம் என்று கணக்குப் போட்டான். பதினேழு வயசின் கசப்பு அது. ஒரு சங்கீத நாடகத்துக்கு ஐந்து கினி கிடைத்தது. உடனே வீட்டுக்குப் பீங்கான் சாமானும் விசிறியும் வாங்கி அனுப்பினான்.

ஜூலையில், தான் எழுதியவற்றிலேயே மிகச் சிறந்ததென்று பின்னால் பலரும் கருதிய 'தருமத்தின் பாட்டை' ஒரு பத்திரிகைக்கு அனுப்பினான். போடவில்லை. கப்பலில் வைத்தியருக்கு உதவியாளனாகப் போக ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டுமென்று பாரெட்டைக் கேட்டான். அவர் கொடுக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள். பக்கத்து மருந்துக் கடைக்காரர் சாப்பிட அழைப்பார், மறுத்துவிடுவான். ஒரே ஒரு தடவை சம்மதித்து, பசி வெளியே தெரியும்படி ஆவலாகச் சாப்பிட்டான். அவன் குடியிருந்த வீட்டு அம்மாள், தையல்காரி, தன்னோடு சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு மூன்று நாளாக அவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தனக்குப் பசி இல்லை என்று சொல்லி மாடிக்குப் போனான். 1770ஆம் வருஷம் ஆகஸ்டு 24ஆம் தேதி அந்த அறையில் அவன் இறந்து கிடந்தான். அடுத்த பிறந்த நாளுக்கு மூன்று மாதம் இருந்தது. ஏழைகள் விடுதியின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். பதிவேட்டில் பெயரைக்கூடத் தப்பாக, வில்லியம் என்று எழுதினார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம்.

அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டம் தற்கொலையை ஒரே ஒரு ஆளின் குற்றமாகத்தான் பார்த்தது. இறந்தவன் புத்தி தெளிவோடு செய்தான் என்றால் அவன் தன்னைத்தானே கொன்ற கொலைகாரன். அவன் சொத்து அரசாங்கத்துக்கு. உடலை நாற்சந்தியில் புதைப்பார்கள். புத்தி பேதலித்துச் செய்தான் என்றால் குற்றமில்லை. இந்த இரண்டு தீர்ப்புத்தான். ஜூரிகள் ஈரமுள்ளவர்கள், விதவையும் குழந்தைகளும் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகப் பெரும்பாலும் 'பைத்தியம்' என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். நாற்சந்திப் புதைப்பு 1823இல் நின்றது. தற்கொலை அந்நாட்டில் குற்றமல்ல என்று ஆனது 1961இல்தான். அதே சட்டத்தின் நிழல் 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் வழியாக நம் நாட்டிலும் விழுந்தது. சாக முயன்று பிழைத்தவனை ஜெயிலுக்கு அனுப்பலாம் என்ற 309ஆவது பிரிவு, 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தால் பல் பிடுங்கப்பட்டு, 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதுதான் போயிற்று. தூண்டியவனுக்குத் தண்டனை என்ற பிரிவு புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஆனால் ஜூரி கலைந்த பிறகு கூடுகிற ஒரு கோர்ட்டு உண்டு. அதற்கு நீதிபதி கிடையாது, சட்டப் புத்தகம் கிடையாது. நம் தெருவில் யாராவது இப்படி இறந்துபோனால் அன்று சாயங்காலமே திண்ணையில் அது கூடிவிடும். மாமியார் என்பார்கள், மேனேஜர் என்பார்கள், காதலி என்பார்கள், பரீட்சை என்பார்கள். பேரைக் கண்டுபிடிக்கும்வரையில் ஒருவருக்கும் தூக்கம் வராது. பேர் கிடைத்ததும் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

1778இல் சாட்டர்ட்டனின் எழுத்துக்கள் ஒரு தொகுதியாக வந்தன. அதன் முன்னுரையில் வால்போலின் மேல் பழி பகிரங்கமாகச் சுமத்தப்பட்டது. வால்போல் தற்காப்பாக ஒரு நீண்ட கடிதத்தை எழுதித் தம் சொந்த அச்சகத்திலேயே 1779இல் அச்சிட்டார். அதில் அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. அந்தப் பையனைத் தாம் கண்ணால் பார்த்ததே இல்லை. காகிதங்களைத் திருப்பி அனுப்பியதற்கும் சாவுக்கும் நடுவில் ஒரு வருஷம் ஓடியிருக்கிறது. அவன் லண்டனில் இருந்ததே தமக்குத் தெரியாது. தாம் சொன்ன புத்திமதியைத்தான் எந்தத் தகப்பனும் சொல்லியிருப்பான். எல்லாம் சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. பழைய கவிதையைப் போலியாக எழுதுகிறவன் நாளைக்குப் புரோநோட்டையும் போலியாக எழுதுவான் என்ற பாவனையில் இறந்துபோன பிள்ளையைப் பற்றி எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நானும் மன்னிக்கத் தயாராயில்லை. குற்றமில்லாதவனாக இருப்பது வேறு. இரக்கம் இல்லாதவனாக இருப்பது வேறு. ஊர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

சரி, வால்போல் இல்லையென்றால் வேறு யார்? கவிதையைக் கிழித்த வக்கீலா? சிபாரிசு தராத பாரெட்டா? (அவருடைய சரித்திரம் 1789இல் வெளியாயிற்று, பையன் கொடுத்த போலிச் சரக்கு அதில் நிறைய இருந்ததால் ஊர் சிரித்தது. அந்த வருஷமே அவர் இறந்துபோனார்.) கூலி தராத பத்திரிகைக்காரர்களா? சாட்டர்ட்டன் செத்தபோது அவர்கள் அவனுக்குத் தரவேண்டிய பாக்கி பத்துப் பவுனுக்கு மேல் இருந்தது. வால்போலின் கடிதத்தைவிட இந்தப் பத்துப் பவுன் பெரிய சாட்சி என்பது என் அபிப்பிராயம். ஆனால் பத்திரிகைக்காரர்களைப் பற்றி ஒருவரும் பாட்டு எழுதவில்லை. பெயர் பெற்ற ஒரு சீமான் கிடைத்திருக்கும்போது, கணக்குப் புத்தகத்தை யார் புரட்டுவார்கள்?

மனநோய் என்ற பேச்சும் உண்டு. ராபர்ட் ஸதே என்ற கவி, அந்தக் குடும்பத்திலேயே சித்தக் கோளாறு இருந்ததென்றும், தமக்கையும் ஒரு சமயம் அடைத்து வைக்கப்பட்டிருந்தாள் என்றும் எழுதியிருக்கிறார். லண்டனில் முதலில் தங்கிய வீட்டில் அவனோடு ஒரே அறையில் படுத்த பையன் சொன்ன சாட்சியும் இருக்கிறது. சாட்டர்ட்டன் ராத்திரியில் தூங்குவதே அபூர்வமாம். விடிய விடிய எழுதுவானாம். காலையில் பார்த்தால் தரை முழுவதும் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்ட காகிதமாம்.

இந்தக் காகிதத் துண்டுகளை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் இறந்த அறையிலும் தரையெல்லாம் கிழிந்த காகிதம் கிடந்தது. உலகம் நிராகரித்த கவி தன் கவிதைகளையெல்லாம் கடைசி நேரத்தில் கிழித்தெறிந்தான் என்று அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கண்ணீர் விட்டார்கள். தினம் காலையில் அந்தத் தரை அப்படித்தான் இருக்கும் என்ற சாட்சியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிபுணர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 1970இல் ரிச்சர்ட் ஹோம்ஸ் என்ற ஆசிரியர், அது தற்கொலையாகவே இல்லாமல், ஏதோ வியாதிக்குத் தானே மருந்து செய்துகொண்டதில் நேர்ந்த விபத்தாக இருக்கலாம் என்று வாதித்தார். அவருக்குப் பின் வந்த ஆராய்ச்சியாளர் சிலரும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு நூற்றாண்டாக வால்போலை நிற்க வைத்துக் கேட்ட கேள்வியே ஆட்டம் கண்டுவிடுகிறது. மரண விசாரணையின் விவரம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பத்திரம் வெளிவந்தது. அதுவும் போலி என்று பின்னால் தெரிந்தது. போலி ஏடு எழுதியவனுடைய சாவுக்கும் போலி ஏடு!

பழி சொன்ன கூட்டம் இறந்தவனுக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஹெர்பர்ட் கிராஃப்ட் என்பவர் அந்த ஏழைத் தாயிடமும் தமக்கையிடமும் போய், பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி அவனுடைய கடிதங்களை வாங்கிக்கொண்டு, 1780இல் தம் நாவலுக்குள் சேர்த்து அச்சிட்டுவிட்டார். புத்தகம் நன்றாக விற்றது. அவன் படத்தைக் கைக்குட்டையில் அச்சடித்து விற்றார்கள். கோல்ரிட்ஜ் பள்ளிப் பையனாக இருக்கும்போதே அவனுக்காக ஓர் இரங்கற்பா எழுதத் தொடங்கி, ஆயுள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார். கீட்ஸ் 1818இல் தம் நீண்ட காவியத்தை அவன் நினைவுக்குச் சமர்ப்பித்தார். 1835இல் பாரிஸில் வினியி என்ற கவி அவனை நாடகமாக்கி, கவியைக் கொல்வது சமூகமே என்று மேடையில் தீர்ப்பளித்தார். 1856இல் ஹென்றி வாலிஸ் வரைந்த படம் எல்லாவற்றையும் தூக்கி அடித்துவிட்டது. செந்நிறத் தலைமயிர், ஊதா நிறக் கால்சட்டை, ஜன்னலில் விடியற்காலை, தரையில் அந்தக் காகிதத் துண்டுகள். மாதிரிக்குப் படுத்திருந்தவர் ஜார்ஜ் மெரிடித், பின்னால் பெரிய நாவலாசிரியர் ஆனவர். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் என் ஆட்சேபமும். பட்டினி கிடந்து சுருண்ட பிள்ளையின் உடல் அப்படி இருக்காது. அந்தப் படத்தின் முன்னால் நின்று எத்தனை இளம் கவிகள் தங்கள் சாவை அதே மாதிரி கற்பனை செய்துகொண்டார்களோ! வால்போலின் புத்திமதியால் வந்த கெடுதலைவிட இந்த அழகால் வந்த கெடுதல் அதிகமாக இருந்திருக்கலாம். வாலிஸை மட்டும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை.

ஸதே ஒருவர்தான் வேறு மாதிரி மனிதர். கிராஃப்ட் செய்த காரியத்தைப் பத்திரிகையில் பெயர் சொல்லிக் கண்டித்துவிட்டு, பிரிஸ்டல் புத்தக வியாபாரி காட்டிலோடு சேர்ந்து 1803இல் சாட்டர்ட்டனின் எழுத்துக்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். வந்த பணம் தமக்கைக்கும் அவள் மகளுக்கும் போயிற்று. யார் கொன்றது என்று அவர் அலைந்ததாகத் தெரியவில்லை. யாருக்குச் சாப்பாடு இல்லை என்று பார்த்தார்.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு தூரம் கிளறியதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. நாவல் எழுதிப் பெயர் வாங்கியவனுக்கு இளைஞர்களின் கையெழுத்துப் பிரதிகள் வந்துகொண்டே இருக்கும். சிலவற்றை மாதக்கணக்கில் மேஜையில் போட்டு வைத்திருக்கிறேன். சிலவற்றை ஒரு வரியும் எழுதாமல் திருப்பியிருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பையன், வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் எழுதலாமா என்று கேட்டிருந்தான். கதைகள் சுமார். குடும்பத்தைப் பார், வேலையை விடாதே, எழுத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். வால்போலின் கடிதத்தை அப்போது நான் படித்ததில்லை. ஆனாலும் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை அதைத்தான் எழுதியிருக்கிறேன். பையனிடமிருந்து கோபமாக ஒரு கார்டு வந்தது. நான் பதில் போடவில்லை. அப்புறம் தகவல் இல்லை.

அந்தக் கார்டு இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. போன வாரம் தேடி எடுத்தேன். விலாசம் கொஞ்சம் அழிந்திருக்கிறது. ஊர்ப் பெயர் மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஒரு கடிதம் எழுதி அதில் போட்டிருக்கிறேன். வீடு மாறியிருந்தால் திரும்பி வரும்.